பொட்டு கலைந்துவிடுமென்று

துணி இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. இழுக்கக் கூடாது, நனையட்டும், நனைந்தால் தானாக விடும் என்று ஆஸ்பத்திரியில் அந்தக் குள்ளமான நர்சு சொல்லிக்கொடுத்ததிலிருந்து சாந்தாமணி ஒருநாளும் இழுத்ததில்லை. காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரைக் கரண்டியில் மொண்டு, முழங்கைக்குக் கீழே துணியின் ஓரத்தில் விட்டாள். தண்ணீர் மேலாகவே ஓடி அடியில் வைத்திருந்த தாம்பாளத்தில் சொட்டியது. உள்ளே போக அதற்கு மனசில்லை. அப்புறம் ஓரத்தில் ஒரு நூல் கறுத்தது, அதற்குப் பக்கத்து நூல் கறுத்தது. சித்தே பொறு, பொறு, என்று அவள் துணிக்குச் சொல்கிறாளா தனக்குச் சொல்லிக்கொள்கிறாளா. இன்றைக்குப் பொறுக்க நேரமில்லை, பதினோரு மணிக்குத் தொழிலாளர் ஆபீசில் இருக்கோணும், பஸ் மாறிப் போகோணும், இந்தக் கைக்குச் சட்டை மாட்டிவிடுவதென்றால் உறங்குகிற பிள்ளைக்கு மாட்டுகிற மாதிரி. வீட்டுக்காரர் ஆறுச்சாமி கையை அவள் மடிப்பக்கம் நீட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூக்கமில்லை அது. தூங்குகிற ஆளுக்குத் தாடை இப்படி இறுகியிருக்காது. வெளியே ஜெபமணியக்கா, நல்ல தண்ணி வந்திருச்சு சாந்தா, கொடத்த எடுத்துட்டு வா என்று கூப்பிடுகிறாள். இன்றைக்கென்று பார்த்து வந்திருக்கிறது, இனி எப்போது வருமோ. எழுந்து போனால் துணி காய்ந்துவிடும், காய்ந்தால் மறுபடியும் முதலிலிருந்து. அவள் எழுந்திருக்கவில்லை. வெட்டுப்பட்டிருந்தால் தைத்திருப்பார்கள், முறிந்திருந்தால் கட்டுப் போட்டிருப்பார்கள், அவளுக்கு அப்படித்தான் தெரிந்திருந்தது காயம் என்றால். இதில் தைப்பதற்கு என்ன இருந்தது. மேல்தோல் என்ற ஒன்று, பிறந்த நாளிலிருந்து ஆளைப் போர்த்திக்கொண்டிருந்தது, உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் இல்லை. அவ்வளவுதான். இல்லாததைப் பார்த்துக்கொண்டு அவள் அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றாள். தொடையிலிருந்து எடுத்து ஒட்டினார்கள், அதில் பாதி பிடிக்கவில்லை, மறுபடியும் எடுத்து மறுபடியும் ஒட்டினார்கள், ஆயுதபூஜை நோம்பி கழிந்த வாரம் பட்ட காயத்துக்குச் சித்திரை வெய்யிலிலும் ஒரு மூலை ஆறாமல் இன்னும் தண்ணி கேட்கிறது. இரண்டாவது தடவை ஒட்டிய பிறகுதான் அவர் முதன்முதலாகச் சிரித்தார். இனிமேக் கொசு கையில கடிச்சா நான் தொடையத்தான் சொறியோணும் என்றார். நர்சு சிரித்து, பக்கத்துக் கட்டில்காரர் சிரித்து, சாந்தாமணி மட்டும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அதுவும் சந்தோசத்தில்தான். அப்படித்தான் நினைக்கிறாள்.

இன்னொரு கரண்டி. கையைத் தேய்த்த அந்த மெஷினை அவள் பூஜை நாட்களில்தான் பார்த்திருக்கிறாள், அதாவது ஓடாதபோது. இவர் வேலை பார்த்த கனகராஜ் பட்டறையில் கிரைண்டருக்கான அலுமினியச் சாமான்கள் வார்ப்பிலிருந்து பிசிறோடு வரும், இந்த மெஷினில் காட்டினால் வழவழவென்று ஆகிவிடும். எமரி பெல்ட் என்பார்கள். உப்புத்தாளை சாண் அகலத்துக்குப் பட்டையாக்கி இரண்டு உருளைகளில் மாட்டியது போலிருக்கும். முதல் வருசம் அதைத் தொட்டுப் பார்த்து, மாட்டு நாக்காட்ட இருக்குதுங்க என்றாள், இவர் அதைப் பட்டறை முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அப்புறம் அந்த மெஷினுக்கே மாடு என்று பேராகிவிட்டது. மாட்டுக்கிட்ட யாருடா இன்னிக்கு, மாட்டத் தொடைச்சியா. மாடு கன்றை நக்கும், நக்கி நக்கித்தான் நிற்கவைக்கும், அதைத்தான் அவள் நினைத்தாள் அன்றைக்கு, வேறு எதையும் நினைக்கவில்லை. வேண்டாம், அங்கே போகாதே. துணியைப் பார். நடுவில் ஒரு திட்டு இன்னும் வெள்ளையாகக் கிடக்கிறது, சுற்றிலும் ஈரம், குளத்து நடுவில் மேடு மாதிரி. அந்தத் திட்டுக்கு அடியில்தான் ஆறாத மூலை. வலிக்குதுங்களா என்று கேட்டாள், இல்லை என்று தலையாட்டினார். வலித்தாலும் இல்லை என்றுதான் ஆட்டுவார். ஒட்டிய தோலுக்கு உணர்ச்சி இல்லை, தொடையாக இருந்ததை மறக்கவுமில்லை, கையாக ஆகவுமில்லை, நடுவில் எங்கேயோ நிற்கிறது. ராத்திரி தூங்கும்போது அவள் அதன்மேல் விரலை வைத்துப் பார்ப்பாள், அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதற்காக வைக்காமல் இருக்க முடிகிறதா. கல்யாணமான புதிதில் இந்தக் கைதான் பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவே அவளைச் சுற்றி வளைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. எவனும் மேலே இடிக்க முடியாது. அப்போது அதில் கிரீஸ் வாசம், இரும்பு வாசம், இப்போது டெட்டால் வாசம், இன்றைக்கு பஸ்ஸில் இவரைச் சுற்றி அவள்தான் வளைத்துக்கொள்ளவேண்டும், எவனும் அந்தக் கையில் இடித்துவிடக் கூடாது. ஜெபமணியக்கா மறுபடியும் கூப்பிடுகிறாள். கட்டு அவுக்கறேன்க்கா என்று இங்கிருந்தே குரல் கொடுத்தாள், அதற்குள் வாசலில் அவளுடைய குடங்களைத் தூக்குகிற சத்தம் கேட்டது. நான் புடிச்சு வெக்கறேன், நீ அண்ணனப் பாரு. நல்ல மனசு. வக்கீலம்மாவும் அப்படித்தான், ஃபரீதா என்று பேர், தொழிற்சங்கத்து ஆபீசில் மாடியில் உட்கார்ந்திருப்பார், பேசும்போது பேனாவை மூடி மூடித் திறப்பார். முதல் நாள் அத்தனையையும் எடுத்துச் சொன்னார். பட்டறையில் ஆள் கம்மி, அதனால் இ.எஸ்.ஐ. இல்லை, ஆனால் இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது, தொழிலாளர் துணை ஆணையரிடம் மனுப் போடலாம். வேலை செய்யும்போது வேலையால் பட்ட காயமென்றால் முதலாளி கொடுக்கத்தான் வேண்டும், தொழிலாளி அசந்திருந்தான் கவனமில்லாமலிருந்தான் என்றெல்லாம் சொல்லித் தட்டிவிட முடியாது. அதைக் கேட்டபோது சாந்தாமணிக்கு நெஞ்சில் ஒரு கட்டு அவிழ்ந்தது. அசந்தவனுக்கும் உண்டு என்று சொல்கிற சட்டம், இவ்வளவு இரக்கமாக ஒன்றை யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். அப்புறம் பேனாவை மூடிக்கொண்டு வக்கீலம்மா சொன்னார், நம்ம கேசுல இடிக்கறது ஒண்ணே ஒண்ணு மட்டும்தான்மா. பாதுகாப்புக்கு வைத்த மூடியைத் தெரிந்தே, வேண்டுமென்றே தொழிலாளி கழற்றியிருந்தால், அப்போது கொடுக்கவேண்டியதில்லை. கனகராஜின் பதில் வந்தபோது அதில் அது மட்டும்தான் இருந்தது. மூடியை மனுதாரரே கழற்றினார்.

கழற்றினார்தான். அதுதான் தொண்டையில் நிற்கிறது. பொய்யாக இருந்தால் துப்பிவிடலாம். ஆயுதபூஜைக்கு முதல் நாள் எல்லா மெஷினுக்கும் மூடி எடுப்பார்கள், தூசு தட்டி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி. மாட்டின் மூடியை மாட்டுக்காரர்தானே கழற்றுவார். இவர் கழற்றினார், மற்ற ஆட்களும் அவரவர் மெஷினுடையதைக் கழற்றினார்கள். மறுநாள் பெண்சாதி பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள், பொரி, கடலை, பூசணிக்காய், வாழைக்கன்று. அவரவர் வீட்டுக்காரி அவரவர் மெஷினுக்குப் பொட்டு வைப்பது அந்தப் பட்டறை வழக்கம். பூஜை முடிந்து மற்ற மூடிகளெல்லாம் ஏறிவிட்டன, மாட்டினுடையது மட்டும் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை. துணியைப் பார், திட்டு சிறுத்துவிட்டது, இன்னும் ஒரு உள்ளங்கை அளவுதான். வக்கீலம்மா இவரிடம் எத்தனை தடவை கேட்டுவிட்டார். கழற்றினது நீங்க, சரிண்ணா. எதுக்குக் கழற்றினீங்க. பூஜைக்குங்க. அப்பறம் ஏன் மாட்டல. மறந்துட்டனுங்க. அந்த வாரம் பூராவும் மூடி இல்லாம ஓடுனது மொதலாளிக்குத் தெரியுமா தெரியாதா. இவர் தரையைப் பார்ப்பார். தெரியலீங்க. வக்கீலம்மா கோபப்படமாட்டார், பேனாவைத் திறப்பார், மூடுவார். விசாரணையன்னிக்கு அவங்க வக்கீல் கேக்கறப்பவும் இதையே சொன்னா நமக்குக் கையில ஒண்ணும் இருக்காதுண்ணா, சாமிக்குக் கழட்டினது வேணும்னே கழட்டினது ஆகாதுன்னு நான் பேசலாம், ஆனா அத்தன நாள் மாட்டாம விட்டதை முதலாளி பாத்துக்கிட்டுதான் இருந்தார்னு ஒரு வாய் சொல்லணும். பட்டறை ஆட்கள் சொல்லமாட்டார்கள், அவர்களுக்கு நாளைக்கும் அங்கேதான் சோறு. இவர் சொல்ல வேண்டும், இவர் சொல்லமாட்டார். எதற்கு, கனகராஜுக்காக. ஒரே பட்டறையில் தொழில் பழகியவர்களாம், ஒரே சாக்கில் படுத்தவர்களாம், ஒருத்தன் கடன் வாங்கிச் சொந்தமாகப் போட்டான், ஒருத்தன் அவன்கிட்டேயே வேலைக்குச் சேர்ந்தான், இன்னும் வாடா ஆறு போடா கனகு என்றுதான் பேச்சு. அடிபட்ட அன்றைக்கு இவரைக் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தது கனகராஜ்தான், ஆஸ்பத்திரி வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுததும் நிசம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து தன் கையாலே உரித்து இவர் வாயில் வைத்ததும் நிசம். விதையைக்கூட எடுத்துவிட்டுத்தான் வைப்பார். அந்தக் கைதான் பதிலிலும் கையெழுத்துப் போட்டது. எனக்கும் வேற வழியில்லம்மா, வக்கீல் சொன்னாரு, போட்டேன் என்றார் வழியில் அவளைப் பார்த்தபோது, கண்ணைப் பார்க்காமல். இரண்டும் ஒரே ஆள் செய்ததுதான். ஒரு ஆளுக்குள்ளே எத்தனை பேர். ஆனால் இவருக்குள்ளே ஒரே ஒருத்தர்தான், அதுதான் கஷ்டம், சாக்கில் படுத்த சிநேகிதத்துக்காகத் தன் கையைத் தானே தொலைத்ததாகச் சொல்லிவிட்டு வந்து, இட்லி மாவு வாளி தூக்க ஒரு கை போதும் சாந்தா என்பார். இப்போதே சொல்கிறார். அவள் மாவாட்டி விற்கிறாள், வீட்டுக் கிரைண்டர் சின்னது, பணம் வந்தால் சாய்த்து மாவைக் கொட்டுகிற பெரிய கிரைண்டர் ஒன்று, முக்குரோட்டில் ஒரு கடை, கல்லாவில் இவர், இடது கையால் சில்லறை கொடுத்தால் ஜனங்கள் முகம் சுளிப்பார்களா, விஷயம் தெரிந்தால் சுளிக்கமாட்டார்கள், கடை வாடகை, போர்டு, எல்லாம் அவள் தூக்கத்தில் கட்டி முடித்த கடை. இன்றைக்கு மறந்துட்டனுங்க என்ற ஒரு சொல்லில் அது போய்விடும். ஆள் மறக்கிற ஆளா. அவள் பூ வாங்கிவரச் சொன்னதை ஒருநாள் மறந்ததுண்டா.

தண்ணீர் தாம்பாளத்தில் நிறைந்துவிட்டது, கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். நிறம் லேசாக மாறியிருந்தது, பயப்படாதே, இது பழைய ரத்தம், புதுசில்லை. மறக்காத ஆள் ஏன் மறந்தார். அங்கே போகாதே என்று அவள் இத்தனை மாதமாகத் திருப்பித் திருப்பி ஓட்டிவந்த நினைப்பு இப்போது தானாகவே வந்து எதிரில் உட்கார்ந்தது, கட்டுத்தறிக்குத் திரும்பிய மாடு மாதிரி. மூடிக்கு உள்ளே, உருளைக்குப் பக்கத்தில், ஒரு தட்டையான தகடு. மூடிமேல் வைத்தால் மூடிக்கு வைத்ததாகத்தானே ஆகும், மெஷினுக்கு வைத்ததாக ஆகுமா என்று அவளுக்குத் தோன்றியது. அதனால் தகட்டில் வைத்தாள். சந்தனத்தைக் குழைத்து வழித்து, பெருவிரலால் அழுத்தி, நடுவில் குங்குமம். பூஜை முடிந்து இவர் மூடியை எடுத்துக்கொண்டு வந்தபோது உள்பக்கம் அந்தச் சந்தனத்தில் உரசும் போலிருந்தது. அவள் என்ன சொன்னாள். பொட்டு கலைஞ்சிரும்ங்க. அப்படித்தான் சொன்னாள். நாலு நாளைக்கு இருக்கட்டுங்க, உங்க கை புழங்கற எடம். சொன்னாளா, சொல்லவில்லையா, சொன்னதாக நினைத்துக்கொண்டு பயப்படுகிறாளா, பட்டறையில் அப்போது பூசணிக்காய் உடைத்த கூச்சல், இவருக்குக் காதில் விழுந்ததோ விழவில்லையோ. விழவில்லை என்று அவள் எத்தனை ராத்திரி முடிவு கட்டியிருக்கிறாள். சொல்லியிருந்தால் இந்தத் தோலை உரித்தது அவள் வாய்தான். ஆபீசில் யாராவது கேட்டால், மூடியை மாட்ட வேண்டாமென்று சொன்னது யார் என்று. கரண்டி தாம்பாளத்தின் விளிம்பில் இடித்தது. ஆறுச்சாமி கண்ணைத் திறந்தார். என்ன புள்ள வெசனம் என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இன்னிக்கும் மறந்துட்டன்னுதான் சொல்லுவீங்களா?"

அவர் கையைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. ஆமாம் என்பது போல ஒரு மூச்சு. சாந்தாமணிக்கு எங்கிருந்தோ வந்துவிட்டது, இத்தனை மாதம் உப்புத் தண்ணியோடு காய்ச்சி ஆறவைத்தது. அந்தக் கனகராஜுக்காக என்னையும் சேர்த்து ரோட்டுல நிறுத்துவீங்க என்றாள், சத்தமாக இல்லை, சத்தமாகப் பேசினால் கரண்டி ஆடும். அவர் ஆச்சரியப்பட்டவர் போலிருந்தார்.

"கனகுக்காகன்னு யாரு சொன்னா? மாட்டலியேன்னு கேட்டா ஏன்னு சொல்லோணும். ஏன்னு சொன்னா உன்னக் கூப்புடுவாங்க. கூண்டாட்ட ஒரு எடத்துல உன்ன நிறுத்தி, நீதான சொன்னேன்னு ஒருத்தன் கேப்பான். எதுக்கு அது? கை போனது போச்சு."

காதில் விழுந்திருக்கிறது. பூசணிக்காய்க் கூச்சலுக்கு நடுவில், அத்தனைக்கும் நடுவில், விழுந்திருக்கிறது. தெரிந்தும் இத்தனை மாதம் ஒரு வார்த்தை, கோபத்தில்கூட, வலியில்கூட, ஊசி போடும்போது பல்லைக் கடித்துக்கொண்டு என்னென்னவோ உளறினாரே அப்போதுகூட. அவளுக்கு அழுகை வரவில்லை. மூக்கு மட்டும் எரிந்தது. தண்ணீரை விட்டாள், அது பாட்டுக்கு இறங்கியது, துணி எல்லா இடத்திலும் ஒரே நிறமாகிவிட்டது. அவர் பேச ஆரம்பித்துவிட்டார், இப்படிப் பேசி எத்தனை நாளாயிற்று, சுவரைப் பார்த்துக்கொண்டு, கதை சொல்கிறவர் போல. அந்தப் பொட்டில் அவள் பெருவிரல் அப்படியே பதிந்திருந்ததாம், கோடு கோடாக, ரேகை தெரிய. சந்தனம் காய்ந்த பிறகு இன்னும் நன்றாகத் தெரிந்ததாம். வேலை செய்கிறபோது கண்ணுக்கு நேராக. மூடியை எடுத்துக்கிட்டுத்தான் போனேன் மறுநா, கலைக்க மனசு வரல என்றார். அவளுக்கு அவருடைய உள்ளங்கையைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, அதில் இப்போது ரேகை கிடையாது, வழவழவென்று, அந்த மெஷினே தேய்த்து முடித்த சாமான் மாதிரி. என்னுடையதைக் காப்பாற்றிவிட்டு உன்னுடையதைக் கொடுத்தாயா. இதை வாய்விட்டுச் சொல்ல முடியாது, இப்படியெல்லாம் வீட்டுக்காரரிடம் பேசுகிறவளா அவள். பைத்தியமுங்க நீங்க என்றாள். அவர் சிரித்தார். நான் மட்டுமா என்றார். கனகுந்தான். தெனமும் பட்டற தொறந்து வந்தா மொதல்ல மாட்டுக்கிட்ட வருவான், அந்தப் பொட்டத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவான், பொறவுதான் கரண்டுப் பொட்டிக்கே போவான், இந்த வருசம் நல்லா ஓட்டிக் குடு ஆத்தான்னு மாட்டுகிட்டவே கேப்பான், நாங்கெல்லாம் சிரிப்போம். அடிபட்ட அன்னிக்குக் காத்தாலகூடத் தொட்டான்.

கரண்டி நின்றது. உப்புத் தண்ணீர் விளிம்பில் நின்றது, விழவில்லை. தொட்டார். தினமும் தொட்டார். பொட்டு எங்கே இருந்தது, தகட்டில் இருந்தது, தகடு எங்கே இருக்கிறது, அவளே அல்லவா விரலை உள்ளே விட்டு வைத்தாள். மெதுவாக, இழுக்காமல், இழுத்தால் தோலோடு வந்துவிடும், நனைந்தால் தானாக. அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"மூடிக்கு உள்ளார இருந்த பொட்டு. மூடி இருந்திருந்தா அவரு எப்படிங்க தொட்டிருப்பாரு?"

ஆறுச்சாமி அவளைப் பார்த்தார். இந்தத் தடவை அவளைத்தான். வெளியே குழாயில் தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தம் தடிமனாகிக்கொண்டே வந்தது, நிறையப்போகிறது. அவருக்குப் புரிந்துவிட்டது, புரிந்ததும் முகத்தில் வந்தது சந்தோசமில்லை, வேறு ஏதோ, கூச்சம். அது அவன் சாமி கும்புட்டது புள்ள என்றார். கும்புட்டதப் போய் ஆபீசுல சாட்சி சொல்றதா. சாந்தாமணி அதையும் யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது, ஒரு ஆள் கண்ணை மூடிக் கும்பிட்டதை எடுத்து அவன்மேலேயே வீசுவது என்ன தர்மம். ஆனால் கண்ணில் ஒற்றிக்கொள்வதற்கு முன்னால் கண்ணைத் திறந்துகொண்டுதானே தொட்டிருப்பார். பக்கத்தில் உருளை மொட்டையாக நின்றிருக்குமே. பெல்ட் பல்லைக் காட்டிக்கொண்டு. அவள் சொன்னது ஒரு நாள், பெண்டாட்டியின் வாய், பூசணிக்காய்ச் சத்தத்தில். கனகராஜ் பார்த்தது தினமும், பட்டறையின் முதலாளி, ஒரு சொல் சொன்னால் ஏறியிருக்கும் மூடி. அவளுக்குப் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லமாட்டாள், இனி ராத்திரிகளில் முடிவு கட்டப்போவதுமில்லை. ஆனால் அவள் பங்கு அவள் பங்கு, அவர் பங்கு அவருடையது. ஆபீசில் பேச வருமா அவளுக்கு. நாக்கு ஒட்டிக்கொள்ளும், அந்தக் கறுப்புக் கோட்டுக்காரர் நீதானம்மா மாட்ட வேண்டாம்னு சொன்னது என்பார், ஆமாங்க என்பாள், அதற்கு மேலே சொல்லவேண்டியது ஒன்றுதான் இருக்கிறது, மூடிக்கு உள்ளே இருந்த பொட்டை முதலாளி தினமும் தொட்டார் என்று, ஒன்றைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும். பஸ் ஏறுவதற்கு முன்னால் வக்கீலம்மாவுக்குப் போன் போட்டு, என்னையும் சாட்சியாச் சேர்த்துக்குங்க என்று சொல்லவேண்டும்.

"அவரு கும்புட்டது தப்பில்லீங்க. பாத்தாரல்ல. நீங்க சொல்ல வேண்டாம், உங்களுக்கு வராது. நாஞ் சொல்றேன். பொட்டு வெச்சவ நானு."

வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். சொல்லவில்லை. மூச்சை விட்டார், தாடை தளர்ந்தது, தலை சுவரில் சாய்ந்தது, இப்போது பார்த்தால் நிசமாகவே தூங்கப்போகிற ஆள் மாதிரி இருந்தது. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, துணியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தாள், இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தாள். அது வந்தது. ஒரு நூல்கூடச் சிக்காமல், பாலாடையைக் குச்சியால் எடுக்கிற மாதிரி, மூலைவரைக்கும். அடியில் ஈரமாக, ரோசாவாக, பிறந்த பிள்ளையின் குதிகால் போல ஒரு தோல்.

"வுட்டுருச்சா?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"வுட்டுருச்சுங்க."